என் தட்டைப் பார்த்த அக்காவுக்கு

என் செல்ல அக்கா, என் முதல் எதிரி,

உங்க எட்டாம் நாள் படையலைத் தின்னது நீங்க இல்லை. நான்.

நீங்க நிம்மதியா சாப்பிடணும்னு படத்துக்கு முன்னால இலை போட்டு, கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளியே நின்னாங்க. நான் அடுப்படி வழியா நுழைஞ்சு இறால் சம்பல், கோழிப் பிரட்டல், கேசரி எல்லாத்தையும் வழிச்சுட்டேன். கதவைத் திறந்த அத்தான், "அலமாக்! வந்துட்டா! சாப்பிட்டுட்டுப் போயிட்டா!" என்று இலைக்கு முன்னால் விழுந்து அழுதார். வாயைத் துடைச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

ஏன் தின்னேன்? உங்க சாவுச் செய்தி வந்ததும் எனக்கு முதல்ல தோணினது இதுதான்: இனிமே என் தட்டை யாரும் பார்க்க மாட்டாங்க.

பதினோரு வயசில் எனக்குக் 'கேஸ் தோங்' என்று, கேஸ் சிலிண்டர்னு, பேர் வச்சது நீங்கதானே? பாலோ ஊரில் நடந்த அந்தக் கல்யாணப் பந்தியில், "தோங் உருண்டு வருது, நாற்காலியைப் பிடிங்கடி!" என்று கத்தினதும் நீங்கதானே? மாப்பிள்ளைகூடச் சிரிச்சான். அன்னையிலிருந்து ஆள் முன்னால கொறிப்பேன், ஆளில்லாதப்ப அள்ளுவேன். ஐம்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் அப்படித்தான். அவங்க சிரிக்கறதுக்குள்ள நானே சிரிக்க வச்சுடணும்னு ஜோக் சொல்லப் பழகினேன். இப்ப ஜொகூர் கல்யாண மேடைகளில் மைக் என் கையில்தான்.

ஒரு சேதி. அத்தானுக்கு சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை என்பதால் உங்க மகள் பவித்ரா பெர்மாஸ் ஜெயா வீட்டில் என்கூடத்தான் இருக்கா. பதினேழு வயசுப் பிள்ளை சாப்பிடறதில்லை. போன மாசம் பள்ளியில் மயங்கி விழுந்தா. இப்படியே போனா இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லி, ஒரு கவுன்சிலரிடம் அனுப்பினார்.

அந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு முப்பது வயசுகூட இருக்காது. பவித்ராகிட்ட எல்லாத்துக்கும் கேள்விதான். "கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா?" "எடை பார்க்கலாமா? வேணாம்னா வேணாம். சரின்னா மெஷினுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க, நம்பரை நான் சொல்ல மாட்டேன்." ஒரு உடம்புகிட்ட இப்படி அனுமதி கேட்டு நம்ம வீட்டில் யாராவது பார்த்திருக்கோமா, அக்கா?

"சாப்பாட்டை மட்டும் பார்த்தா போதாது. உடம்பு எதுக்குப் பயப்படுதுன்னும் பார்க்கணும்" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? "எங்க குடும்பத்துல உடம்பு பயப்படாதும்மா. உடம்பைப் பார்த்து மத்தவங்கதான் பயப்படுவாங்க!"

யாரும் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, நீங்க அதைச் சொன்னதும் பவித்ரா கை எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?"

பையை இழுத்து வயிற்றை மூடியிருந்தாள்.

விடுவேனா, பழியை உங்க தலையில் போட்டேன். "எல்லாம் இவங்கம்மா வாய்! செத்தும் விடலை" என்று கால் மணி நேரம் உங்களைக் கிழிச்சேன். செத்தவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க இல்லையா, ரொம்ப வசதி.

கடைசியில் அந்தப் பெண் பவித்ராவிடம், தட்டைப் பார்த்தாலே மனசில் கேட்கிற வார்த்தைகளை எழுதச் சொன்னாள். எழுதினா. "சித்தி படிக்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டப்ப, என்னைப் பார்க்காமலே தாளை என் பக்கம் தள்ளினா.

இனிமே மூணு வேளையும் அவளோடு உட்கார்ந்து, அவ கண் முன்னாலேயே நானும் சாப்பிடுவேன். அவ தட்டைப் பார்க்க மாட்டேன். சாப்பாட்டு மேசையில் ஜோக் கிடையாது. சத்தியம்.

அந்தத் தாளில் ஏழு வரி இருந்தது, அக்கா. உங்க வாயிலிருந்து வந்தது ஒண்ணுகூட இல்லை. ஏழும் நான் சொன்னது.

உங்க கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
மல்லிகா