ஒற்றைக் கம்மலும் இரண்டாவது கியரும்

ஜூலை 5

இல்லை, கம்மல் ஒரு காதில் மட்டும்தான். இடது காதில்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசையாக எழுதினால் பைத்தியக்காரத்தனம் கொஞ்சம் குறையுமா?

நான் கட்டிக்கொள்ளப்போகும் உலானின் வீட்டார் எனக்குக் கம்மல் போட வந்தார்கள். காரா-பால்தாவிலிருந்து கணவாய் ஏறி, உச்சிச் சுரங்கப்பாதையைத் தாண்டி, எங்கள் சுசாமிர் பக்கம் இறங்கி. மாமியார் கையால் கம்மல் ஏறிவிட்டால் பெண் நிச்சயமானவள். அப்பா ஆடு அறுத்தார். மூத்த விருந்தாளிக்கு மரியாதையாக, ஆட்டுத் தலையை உலானின் அப்பா டொக்தோசுன் முன்னால் வைத்தார். உலானின் அம்மா சூராகான் அத்தை என் இடது காதில் வெள்ளிக் கம்மலை மாட்டினார். வலது காதுக்கானதைக் கையில் எடுத்தார்.

அப்போது டொக்தோசுன் மாமா, கறியை மென்றுகொண்டே:

“வண்டியில சத்தமே இல்ல சம்பந்தி. மேலேருந்து கீழ வரைக்கும் பிரேக்லயே இறக்கிக் கொண்டாந்துட்டேன்.”

அப்பாவின் கத்தி கறிக்கு நடுவில் நின்றது.

“பிரேக்லயேவா?”

“பின்ன?”

“கியரக் குறைக்கல?”

அப்பா முப்பது ஆண்டு அந்தக் கணவாயில் மாவு லாரி ஓட்டியவர். டொக்தோசுன் மாமா அடிவாரத்தில் பிரேக் கட்டை விற்பவர். இந்த இரண்டையும் யாரும் முன்கூட்டியே சேர்த்து யோசிக்கவில்லை. நானும்தான்.

“பிரேக்குங்கிறது நிக்கிறதுக்கு. வேகத்தக் குறைக்க இன்ஜின் இருக்கு.”

“கட்டை தேஞ்சா வேற மாத்திக்கலாம். இன்ஜின் தேஞ்சா? உன் தலைய உள்ள வச்சு ஓட்டுவியா?”

“பாதி இறக்கத்துல சூடேறிப் பிடிக்காமப் போச்சுன்னா? ஆத்துல கெடந்த எத்தன வண்டிய நான் கயிறு கட்டி இழுத்திருக்கேன் தெரியுமா?”

“அதெல்லாம் மட்டமான கட்டை. எங்கிட்ட வாங்கினது இல்ல.”

“அந்த வண்டியில என் பொண்ண ஏத்த மாட்டேன்.”

“ஏத்தாத! இன்ஜின ஊளையிட விடற வீட்டுச் சம்பந்தம் எங்களுக்கும் வேணாம். சூராகான், எந்திரி.”

அத்தை எழுந்தார். வலது காதுக் கம்மல் அவர் கைக்குள் இருந்தது. அப்படியே போய்விட்டார்கள். தட்டில் பாதி தின்ற ஆட்டுத் தலை. உலான் வாசலில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான் — திறந்தான், அவ்வளவுதான்.

ஜூலை 6

“கழட்டலாமா, வேணாமா?” என்று அம்மா ஊரெல்லாம் கேட்டுவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

ஜூலை 10

எங்கள் தெரு இரண்டாகிவிட்டது. இடது பக்கமிருந்து வருபவர்கள் “எப்ப கல்யாணம்?” என்கிறார்கள். வலது பக்கமிருந்து வருபவர்கள் தம் அக்கா மகனைப் பற்றி ஆரம்பிக்கிறார்கள். விருந்தாளி வந்தால் என்னை எந்தப் பக்கம் பார்த்து உட்காரவைப்பது என்று அம்மா யோசிக்கிறாள்.

நான்கு ஆண்டு தத்துவம் படித்தேன். சுதந்திரம் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் காதைப் பற்றி எதுவும் இல்லை.

ஜூலை 12

அத்தை தொலைபேசியில், குழாயடியில் ஒளிந்துகொண்டு பேசுவது போல: “மேரிம், கழட்டிடாதடி. இன்னொண்ணு எங்கிட்டதான் இருக்கு. இந்த மனுஷன் தூங்கறப்பகூட கால ஆட்டறாரு — பிரேக் மிதிக்கிறாரு.”

நான் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. ஏன்? செப்டம்பரில் கல்யாணம் என்று இருந்தது. இப்போது செப்டம்பரில் ஒன்றும் இல்லை.

ஜூலை 15

உலானிடம் எனக்கு எது பிடித்தது?

மூன்று வருடம் முன்பு, பிஷ்கெக்கில், பனியில், பேருந்து நிறுத்தம். நான் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பேச வந்தவன் பேசவில்லை. அத்தியாயம் முடியட்டும் என்று நின்றான். இரண்டு பேருந்துகள் போயின.

அதே ஆள்தான் அன்று வாசலிலும் பேசாமல் நின்றான். ஒரே குணம். அன்று அழகாக இருந்தது.

ஜூலை 18

சமாதானம் ஆகிவிட்டதாம். அம்மாவும் அத்தையும் சேர்ந்து செய்த சமாதானம். ஆகையால் அதுவும் பைத்தியக்காரத்தனம்தான்.

பரீட்சை வைக்கிறார்கள். கணவாய் உச்சியில், சுரங்கத்தின் வடக்கு வாயில் புறப்பட்டு, அப்பாவின் பழைய ஜிகுலி காரில் காரா-பால்தா வரை இறங்க வேண்டும். முதல் பாதி கியரில், இரண்டாம் பாதி பிரேக்கில். ஒவ்வொரு பாதி முடிந்ததும் சக்கரத்தின் மேல் ஒரு துண்டு ஆட்டு வால் கொழுப்பை வைப்பார்கள். உருகினால் பிரேக் சூடாகிவிட்டது, அப்பா ஜெயித்தார். இன்ஜினுக்கு வலிக்கிறதா என்று கேட்டுப் பார்க்க, டொக்தோசுன் மாமா ஊர் நர்சிடம் ஸ்டெதாஸ்கோப் இரவல் வாங்கியிருக்கிறார்.

தோற்றவர் மன்னிப்புக் கேட்பார். பிறகுதான் வலது காது.

“அவன் கால் பெடல்ல படக் கூடாது” என்று அப்பா சத்தியம் செய்துவிட்டார். “அவன் ஓட்டற வண்டியில நான் உக்கார மாட்டேன்” என்று மாமாவும். ஆகவே பொதுவான ஆள் ஓட்ட வேண்டும்.

உலான்.

ஜூலை 19

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். உலானுக்குக் கியர் போடத் தெரியாது.

அவனுடையது ஆட்டோமேட்டிக். அதை பிஷ்கெக்கிலேயே விட்டுவிட்டு, வாடகை வண்டியில் தன் அப்பா வீட்டுக்குப் போவான். மூன்று வருடமாக.

“சொல்லிடு” என்றேன்.

“சொன்னா அப்பா என்னப் பெத்ததையே வாபஸ் வாங்கிடுவாரு.”

“அப்ப எப்படி ஓட்டுவே?”

“பாத்துக்கலாம்.”

முப்பது கிலோமீட்டர் இறக்கம். கொண்டையூசி வளைவுகள். பாத்துக்கலாமாம்.

ஜூலை 24

நாளை மறுநாள். அவன் சொல்லாவிட்டால் கம்மலைக் கழற்றிவிடுவேன். பேசாதவனோடு நாற்பது வருடம்? ஒரு காது போதும், கேட்பதற்கு எதுவும் இருக்காது.

ஜூலை 26

காரா-பால்தா. தோழி வீட்டில் எழுதுகிறேன். கை இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல வளைந்திருக்கிறது.

நானும் அப்பாவும் காலையில் ஏறிவிட்டோம். என் மடியில் செய்தித்தாளில் சுற்றிய கொழுப்பு. உலானும் மாமாவும் வாடகை வண்டியில் வந்து, அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். காற்றில் இரண்டு அப்பாக்களின் தொப்பியும் பறக்கப் பார்த்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் உலானைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்தான்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். வண்டி ஒரு தவளைத் தாவல் தாவி அணைந்தது.

“அவனுக்குப் புது வண்டி. பழகணும்ல” என்றார் மாமா.

மறுபடி. தாவல். அணைந்தது.

“கிளட்ச மிதிப்பா” என்றார் அப்பா, பின் இருக்கையிலிருந்து, கொஞ்சம் இரக்கத்துடனே.

“எது?” என்றான் உலான்.

அவன் இறங்கினான். சாலையில் நின்றான். இறங்கிவிட்டான், நடந்தே கீழே போய்விடுவான் என்று நினைத்தேன். என் கை காதுக்குப் போனது.

“எனக்குக் கியர் போடத் தெரியாது. என் வண்டி ஆட்டோமேட்டிக். மூணு வருஷமா மறச்சிட்டேன்.” ஒரு நிலக்கரி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை காத்திருந்தான் — காத்திருந்தான்! — பிறகு சொன்னான்: “மேரிமத்தான் கட்டிப்பேன். கியரோ பிரேக்கோ, எனக்குக் கவலையில்ல. இதையும் சொல்லிடறேன்.”

மூன்று வாரத்தில் முதல் முறையாக அப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அப்படின்னா… ரெண்டே மிதியா?” என்றார் அப்பா.

“ரெண்டேதான்.” மாமாவின் முகம் சாவு வீட்டில் இருப்பவருடையது.

“அப்ப இடது கால் என்ன பண்ணும்?”

“சும்மா இருக்கும் சம்பந்தி. சும்மா!”

அப்பா அவர் தோளில் கை வைத்தார். இழவு கேட்கப் போனால் வைப்பாரே, அப்படி.

நான் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினேன்; எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். யாரும் தடுக்கவில்லை. ‘இவ உன் ஆளாச்சே’ என்றுகூட மாமா சொல்லவில்லை. பின்னால் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து, ஆட்டோமேட்டிக்கைக் கண்டுபிடித்தவனிலிருந்து ஆரம்பித்துத் திட்டத் தொடங்கினார்கள். பாதி வழியில் நிறுத்தவேண்டும் என்பதே மறந்துவிட்டது.

வளைவுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டேன். இரண்டாவது கியருக்குக் குறைத்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடுத்த வளைவு — மறுபடி பிரேக், மறுபடி கியர். இரண்டும்தான். எல்லாரும் இப்படித்தான் இறங்குகிறார்கள். அப்பாவும்தான், அவர் வண்டிக்குப் பின்னால் போகும்போது பிரேக் விளக்கு எரிவதை நூறு முறை பார்த்திருக்கிறேன். மாமாவும் ஏதோ ஒரு வளைவில் கியரைக் குறைத்திருப்பார், வெளியே சொல்லமாட்டார். இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் அவ்வளவு ஒற்றுமை. மூடிக்கொண்டேன்.

உலான் பக்கத்தில் உட்கார்ந்து என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“மூணு மிதிக்கு ரெண்டு கால். எப்படி?” என்று மெல்லக் கேட்டான்.

“பாத்துக்கலாம்” என்றேன்.

அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கொழுப்பு இருக்கைக்கு அடியில் கிடந்தது. வண்டிக்குள் இருந்த சூட்டில் தானாகவே உருகி, செய்தித்தாளை நனைத்துவிட்டிருந்தது. அப்பாக்கள் கை கோத்து உள்ளே போனார்கள். கல்யாணத்துக்கு முன் நான் அந்த வாசலை மிதிக்கக் கூடாது, வண்டியிலேயே இருந்தேன். அத்தை மாவுக் கையோடு ஓடிவந்தார். கைக்குட்டையை அவிழ்த்துக் கம்மலை எடுத்தார். “தலையக் குனிடி” என்றார். ஜன்னல் வழியாக மாட்டிவிட்டார். வலது காதில் மாவு.

ஜூலை 27

காலையில் ஸ்டேடியத்துக்குப் பின்னாலிருக்கும் காலி மைதானத்தில் உலானுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்தேன். பதினோரு முறை அணைந்தது. பன்னிரண்டாவது முறை ஓடி, வேலிக்கு முன்னால் நின்றது. கியரில் நிறுத்தினானா, பிரேக்கிலா, பார்க்கவில்லை. கண்ணாடியைத் திருப்பி வலது காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிவர்ஸ் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை; பிறகு இறங்கி வண்டியைப் பின்னால் தள்ளினேன்.