நான் போடவிடாத ஊசி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் நல்லாத்தான் இருக்கோம், கடல் தாண்டி இருக்கிற நீயும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும். வாரா வாரம் போன்ல முகம் பார்த்துப் பேசுறோமே, இப்ப எதுக்குக் கடுதாசின்னு கேட்பே. உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு இதைச் சொல்ற தைரியம் இருந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன், அதான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணல்மாணலா இருக்கும், நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கை, பொறுத்துக்கோ.

முதல்ல நல்ல சேதி. அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு, மாடிப்படி ஏறுறா, என்னைத் திட்டுறதுக்கு மட்டும் இறங்கி வர்றா. நீயும் உன் பேராசிரியரும் போன வருஷம் ஆஸ்பத்திரியில வெச்சிட்டுப் போன ஆய்வுக்கூடம் நல்லா நடக்குது. பழைய போர்வை அடுக்கி வெச்சிருந்த ரூம்னு சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க. மைனஸ் எண்பது ஃப்ரீசர் ரெண்டு வாட்டி மக்கர் பண்ணுச்சு, பின்னாடி கண்டென்சர்ல பஞ்சு மாதிரி தூசி, அதைத் துடைச்சுவிட்டு சுவத்தை விட்டு ஒரு சாண் தள்ளி வெச்சேன். கரன்ட் போனா மணி அடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடும் பண்ணியிருக்கேன். ரிட்டயர் ஆன மனுஷனை வீட்டுல வெச்சுக்கலாம்னு பார்த்தா ஃப்ரிட்ஜ் விட மாட்டேங்குதேன்னு அம்மாவுக்குக் குறை. அங்கே மைக்ராஸ்கோப் பார்க்கிற பொண்ணு, நீ 'கழுகுக் கண்ணு'ன்னு பேர் வெச்சியே, அவ இப்ப யாரையும் கேட்காம தானே எல்லா டெஸ்டும் பண்றா. காய்ச்சல் வார்டு டாக்டரம்மா நோயாளிங்க விவரத்தை எல்லாம் நோட்டுல ஒரு நாள் விடாம எழுதி வைக்கிறாங்க. முன்னெல்லாம் நம்ம ஜனங்க முதுகுத்தண்டுல ஊசி போட்டு டெஸ்டுக்கு எடுத்த தண்ணி எங்கேயோ போகும், அதைப் பத்தி யாரோ எழுதுவாங்க, நமக்கு ஒரு சேதியும் திரும்பி வராது, இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்க. உங்க கட்டுரையில அந்த ரெண்டு பேர் பேரும் கடைசியில ஒட்டவெச்ச மாதிரி வராம பார்த்துக்கோம்மா, உழைக்கிறவங்க அவங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்னும் அஞ்சு ஊர்ல இப்படி ஆய்வுக்கூடம் வைக்கிறதுக்கு நீ பெரிய விண்ணப்பம் எழுதுறே, அதுல அண்ணனைப் பத்தி எழுதணும், நடந்ததை எல்லாம் எழுதி அனுப்புங்கப்பான்னு கேட்டிருந்தியே. கூடவே நீ எழுதின முதல் பக்கத்தையும் அனுப்பியிருந்தே. 'எங்கள் ஊரில் ஆய்வுக்கூடம் இல்லாததால் என் அண்ணன் இறந்தான்'னு அதுல முதல் வரி. அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. பதில் எழுதாம ஒரு மாசம் இழுத்தடிச்சேன், நீ ஞாபகப்படுத்தினப்போ எல்லாம் ஃப்ரீசரைக் காரணம் சொன்னேன். அதுக்குள்ள ரெண்டு வாரம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை ஒண்ணு நடந்துடுச்சு.

வார்டுல ஒரு தச்சர் தன் பொண்ணைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பத்தொன்பது வயசு, மூணு வாரமா தலைவலி, வாந்தி, அன்னிக்குக் காலையில இருந்து பேச்சு மூச்சில்லை. கழுத்து கட்டை மாதிரி விறைச்சுக் கிடக்கு. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பார்க்கணும்னு டாக்டரம்மா சொல்ல, அந்த மனுஷன் கட்டிலுக்குக் குறுக்கே நின்னுட்டார். முதுகுல ஊசி போட்டவங்க யாரும் வீடு திரும்பினதில்லை, வேற என்ன மருந்து வேணும்னாலும் குடுங்க, ஊசி மட்டும் வேணாம்னு ஒரே பிடிவாதம். டாக்டரம்மா தணிவாத்தான் எடுத்துச் சொன்னாங்க, ஆனா வார்டு முழுக்க ஆளுங்க அவங்களுக்காகக் காத்திருக்காங்க, எவ்வளவு நேரம்தான் ஒருத்தர்கிட்டயே நிற்க முடியும். வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுற தாளை நர்ஸ் கொண்டுவந்து நீட்டினாங்க. வாசல்ல நின்னுக்கிட்டிருந்த நான் அந்தத் தாளைப் பார்த்ததும் கையில இருந்த ஸ்டெபிலைசரைக் கீழே வெச்சுட்டுத் தச்சர்கிட்ட போனேன்.

ஏன்னா அதே மாதிரித் தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. இருபத்தி மூணு வருஷத்துக்கு முன்னாடி, பெரியவனுக்காக. அப்ப அவனுக்குப் பதினோரு வயசு, நீ ஆறு வயசுக் குழந்தை, அத்தை வீட்டுல விட்டிருந்தோம், உனக்கு ஒண்ணும் தெரியாது. அவனுக்கும் இதே மாதிரி கழுத்து விறைச்சிருந்துச்சு, அன்னிக்கு இருந்த டாக்டரும் இதே ஊசியைத்தான் கேட்டார். பட்டறையில ஒருத்தர் தன் மச்சானுக்கு முதுகுல ஊசி போட்டு மறுநாளே ஆள் போயிட்டார்னு சொன்னது என் காதுக்குள்ள நின்னுக்கிட்டே இருந்துச்சு. போடட்டும்ங்கன்னு அம்மா என் சட்டையைப் பிடிச்சுக் கெஞ்சினா. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ கையைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எந்த மருந்து குடுக்கிறதுன்னு தெரியாம கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி அவங்க ஏதேதோ குடுத்துப் பார்த்தாங்க. ஆறாம் நாள் காலையில அவன் போயிட்டான். அழுத்தம் பார்க்கிற கேஜ் வைக்காம கம்ப்ரஸரைப் பத்திப் பேசாதீங்கன்னு ஊர்ல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், என் பிள்ளைக்கு ஒரு கேஜ் வைக்க நான் விடலை. தண்ணி எடுத்திருந்தாலும் அதைத் தலைநகரத்துக்கு அனுப்பித்தான் பார்க்கணும், பதில் வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகியிருக்கும்னு அப்புறமா யாரோ சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். நீ கொண்டுவந்து வெச்ச மெஷின் அந்தச் சாக்கையும் என்கிட்ட இருந்து எடுத்துக்கிச்சு. அன்னிக்கு இங்கேயே அது இருந்திருந்தாலும் நான் ஊசியைப் போட விட்டிருக்க மாட்டேன், அதுதான் நிஜம்.

அந்தத் தச்சரை வெளியே பெஞ்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் இதையெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வெளியே ஒரு ஆள்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் ஊசியால சாகலைங்க, சாகுற நிலைமையில கொண்டுவந்த பிறகு ஊசி போட்டதால பழி ஊசி மேல விழுந்துடுச்சு, நான் ஊசி போடவிடலை, என் பிள்ளையும்தான் திரும்பி வரலைன்னு சொன்னேன். நீங்க கிட்டக்க நிப்பீங்களான்னு மட்டும் அவர் கேட்டார். நின்னேன். அந்தப் பொண்ணை ஒருக்களிச்சுப் படுக்கவெச்சு எடுத்தாங்க, சொட்டுச் சொட்டா விழுந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள காசநோய்க் கிருமி மூளையைத் தாக்கியிருக்குன்னு கழுகுக் கண்ணு எழுதிக் குடுத்துட்டா. அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சாச்சு. ஒம்பதாம் நாள் கண்ணைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டிருக்கா. இடது கை இன்னும் வரலை, ஒரு கண்ணுல பார்வை மங்கல், வருமா வராதான்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒரு பெரியவருக்கும் அதே வாரம் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க, ஆனா தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு, அவர் பிழைக்கலை. எல்லாரையும் காப்பாத்திடலாம்னு உன் விண்ணப்பத்துல எழுதிடாதே.

தச்சர்கிட்ட சொன்னதை அன்னிக்கே வீட்டுக்கு வந்து அம்மாகிட்டயும் சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டிருந்தவ நிமிர்ந்து பார்த்தா. இத்தனை வருஷத்துல எத்தனையோ சண்டை போட்டிருக்கோம், ஒரு தடவைகூட அந்தக் கையெழுத்தை அவ என் முகத்துல வீசினதில்லை, உன்கிட்டயும் சொன்னதில்லை. முன்னப்பின்ன தெரியாதவர்கிட்ட சொல்லிட்டீங்க, பெத்த பொண்ணுகிட்ட எப்ப சொல்லப் போறீங்கன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

அதனால அந்த முதல் வரியை மாத்தும்மா. ஆய்வுக்கூடம் இல்லைங்கிறதும் நிஜம்தான், ஆனா அப்பன் பயந்தான், அந்தப் பயத்தைக் கேட்டுப் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லைங்கிறதையும் எழுது. அந்த அஞ்சு ஊருக்கும் மெஷின் கேட்கிறப்போ, கட்டில் பக்கத்துல உட்கார்ந்து பேசுறதுக்குன்னே ஒரு ஆளையும் சேர்த்துக் கேளு. இங்கே அந்த வேலையை நான் பார்த்துக்கிறேன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்.

குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாத்தணும்னு சொன்னியே, தள்ளிப்போடாதே. நீ எடுத்த காரியம் நல்லபடியா முடியும், எங்க ஆசி எப்பவும் உனக்கு உண்டு. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. இதைப் படிச்சதும் என்னைத் தேத்துறதுக்காகப் போன் பண்ணாதே. முதல்ல அம்மாவைக் கூப்பிடு, இருபத்தி மூணு வருஷமா அவளை யாரும் எதுவும் கேட்கலை. என்கூட எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப பேசு, கோபமாப் பேசினாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா