குடிக்கிறதா, ஊதுறதா?

எங்கே கிளம்பினாலும் எனக்கு முன்னால் நடந்தே பழகிப்போன, என்னைக் கட்டிய மச்சானுக்கு,

ஸலாம். இந்த விஷயத்திலும் முந்திக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் மேல் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இங்கே பர் துபாயில் எல்லோரும் நலம். நான் பழையபடி கிளினிக்குக்கு டூட்டி போய் வருகிறேன். நம் அத்தர் கடையை உங்கள் தம்பி நஸீர்தான் பார்க்கிறான். அவனும் அவன் பெண்டாட்டி சபுராவும் அதே எதிர் ஃப்ளாட்டில்தான் இருக்கிறார்கள். சோறு சமைப்பது இரண்டு வீட்டிலும், சாப்பிடுவது ஒரே வீட்டில். அதில் ஒன்றும் மாறவில்லை.

செய்தி நஸீரைப் பற்றியதுதான். உங்களை மையவாடியில் அடக்கம் செய்த அன்று மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, "காக்கா, இனிமே நான் சிகரெட் குடிக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் உங்களைப் பார்த்துச் சொன்னானாம். வந்தவர்கள் சொல்லக் கேட்டேன். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு மூச்சு வந்தது. உங்கள் வாப்பா போனதும் நெஞ்சுவலியில், நீங்கள் போனதும் நெஞ்சுவலியில். இவனையாவது அல்லாஹ் விட்டுவைக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் அவன் பட்ட பாடு பாவம்தான். கை எந்நேரமும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தான். சீனாவுக்குச் சரக்கெடுக்கப் போன கூட்டாளி ஒரு எலக்ட்ரானிக் சிகரெட் வாங்கி வந்து கொடுத்தானாம். பார்க்க அசல் சிகரெட்டேதான். இழுத்தால் நுனியில் சிவப்பாக லைட் எரியும். போனுக்குப் போடுவது மாதிரி சார்ஜ் போட வேண்டும். வாசனை ரோஸ்மில்க் மாதிரி.

"மைனி, நான் குடிக்கிறதை விட்டுட்டேன்லா? இது குடிக்கிறது இல்ல, ஊதுறது. வெறும் ஆவி."

வார்த்தையைப் பாருங்கள் மச்சான். சபுராவுக்கு ஒரே சந்தோஷம், வீட்டில் சாம்பல் விழவில்லையாம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

இந்தக் குடி என்கிற சொல் நம் மானத்தை வாங்கியது நினைவிருக்கிறதா? உங்களுக்கு முதல் தடவை நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே. அந்த மலையாளி நர்ஸ் உங்களைக் காட்டி, "புள்ளி குடிக்குமோ?" என்று கேட்டது. நானும் யோசிக்காமல், "ஆமாம்மா, தினம் ரெண்டு பாக்கெட் குடிப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் உங்களையும் பார்த்தது, என் முக்காட்டையும் பார்த்தது. "நிங்கள் முஸ்லிமல்லே சேச்சி?" என்று மெதுவாகக் கேட்டது. அவர்கள் சிகரெட்டை 'வலிக்கிறது' என்பார்களாம், குடிப்பது என்றால் சாராயம்தானாம். அதை அது விளக்கி முடிப்பதற்குள் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அன்றைக்கே சிகரெட்டை விட்டிருந்தால் இன்னும் எத்தனை சிரிப்பு மிச்சம் இருந்திருக்கும்?

சரி, நஸீர் கதைக்கு வருகிறேன். சிகரெட் என்றால் ஒன்று முடிந்ததும் மிதித்துப் போட்டுவிட்டுக் கடைக்குள் வருவான். இந்த மிஷினுக்கு முடிவு என்று ஒன்று உண்டா? கல்லாவில் உட்கார்ந்து ஊதினான், லிப்டில் ஊதினான், சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊதினான். ஒருநாள் கடையில் சார்ஜ் இறங்கிவிட்டது. பக்கத்துக் கடை பாயிடம் ஒரு சிகரெட் வாங்கிக் குடித்துவிட்டு வந்தான். சபுரா வாசனை பிடித்து என்னிடம் சொன்னாள். மண்ணைத் தொட்டுச் சொன்ன சொல் அவ்வளவுதான் நின்றது. நான் திட்டினேன். அவன் நல்ல பிள்ளை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். மறுபடி சார்ஜ் போட்டான்.

அப்போதுதான் நோன்பு வந்தது. ஆகஸ்ட் மாதத்து வெயில், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நோன்பும் விடாமல் பிடித்தான். பகலெல்லாம் மிஷின் சமையலறை ஸ்லாப்பில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடக்கும். அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டான். நீங்களும் அப்படித்தானே? பொழுது இறங்கி மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே உங்கள் கை பாக்கெட்டுக்குப் போகும். இவன் கை ஸ்லாப்புக்குப் போனது.

அன்றைக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் வந்து ஸ்டூலில் வாடிப்போய் உட்கார்ந்தான். சார்ஜரிலிருந்து மிஷினைப் பிடுங்கி அவன் முன்னால் நீட்டினேன்.

"இந்தா, ஊது."

"நோன்பு மைனி."

"ஆவிதானே? குடிக்கிறது இல்லைன்னு சொன்னியே."

"முறிஞ்சுரும்லா."

"அப்ப இது என்னது தம்பி?"

அவன் மிஷினை வாங்கி ஸ்லாப்பிலேயே திருப்பி வைத்தான். நானும் விடவில்லை. பகல் முழுக்க இது இல்லாமல் கம்பீரமாக இருக்கிறாய், பாங்கு சொன்ன அடுத்த நிமிஷம் மட்டும் உன்னால் ஏன் முடியவில்லை, விடிந்ததிலிருந்து உன்னிடம் இருந்த பலம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போகிறது என்று கேட்டேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "காக்கா சட்டையை நீங்க மோந்து பாக்குறதை விட்டுருவீங்களா மைனி?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பீரோவில் வைத்திருக்கும் உங்கள் நீலக் கோடு போட்ட சட்டை, நீங்கள் கடைசியாகக் கழற்றிப் போட்டது. ஊது அத்தரும் சிகரெட்டும் கலந்த வாசனை. டூட்டி முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நான் முதலில் செய்வது அதுதான். ஒருமுறை சபுரா தெரியாமல் அதைத் துவைக்க எடுத்ததற்கு நான் போட்ட சத்தம் கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும். சிகரெட்டை ஆயுசு பூராவும் ஏசினவள், அதே நாற்றத்துக்காகப் பீரோவைத் திறக்கிறேன். அது இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது மச்சான். அவன் கேட்டதில் என்ன தப்பு?

கரண்டியை மறுபடி எடுத்துக் கஞ்சியைக் கிண்டினேன். அடுத்த இரண்டு நாளும் அவன் கேட்டதே காதில் இருந்தது.

மூன்றாம் நாள் லீவு போட்டேன். சட்டையைக் கடைசியாக ஒரு தடவை முகத்தோடு வைத்துக்கொண்டேன். பிறகு வாளியில் ஊற வைத்தேன். காலரை நான்தான் தேய்த்தேன், வாஷிங் மிஷினில் போடவில்லை. அழுதேன், நன்றாகவே அழுதேன். அலசிப் பிழிந்து பால்கனிக் கொடியில் காயப் போட்டேன். துபாய் வெயிலுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மொடமொடவென்று காய்ந்துவிட்டது.

சாயங்காலம் நஸீர் வந்து பால்கனியில் நின்றான். சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தான்.

"சோப்பு வாசம்தான் வருது மைனி" என்றான். அவ்வளவுதான், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். உங்களுக்காக அவன் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை அந்த அழுகையை எதைக் கொண்டு அடைத்து வைத்திருந்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாங்கு கேட்டது. கஞ்சி குடித்தான். கை ஸ்லாப் பக்கம் போனது, பாதியில் நின்றது. மிஷினைச் சார்ஜரோடு சுற்றி என் கையில் கொடுத்தான். நோன்புப் பெருநாளும் போய்விட்டது. இன்று வரை அவன் குடிக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. இனி தொட மாட்டான், எனக்கு நிச்சயமாகத் தெரியும். கை இன்னும் பையைத் தடவத்தான் செய்கிறது. தடவட்டும். நானும் இன்னும் பீரோ வரைக்கும் போய்த் திரும்பத்தான் செய்கிறேன்.

அல்லாஹ் நாடினால் உங்கள் தம்பியைத் தலை நரைத்த கிழவனாக்கிக் காட்டுகிறேன். இந்த ஒரு விஷயத்திலாவது அவன் உங்கள் பின்னால் ஓடி வர விட மாட்டேன். அங்கே கொஞ்ச காலம் தனியாகவே இருங்கள்.

இப்படிக்கு,
கோபம் பாதி தீர்ந்த உங்கள் மாமா மகள்,
ஜமீலா