தலைவலி எப்போதிலிருந்து

தை மாதம், வெள்ளிக்கிழமை.

மகள் செல்விக்கு இன்று வளைகாப்பு. கை வீங்கி, சோப்பு தடவியும் வளையல் ஏறவில்லை. "இன்னா சம்பந்தி, பொண்ணு பூசினாப்பல கீது! பேரன்தான்," என்று அவள் மாமியார் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் செல்வி, "தலை வலிக்குது, கண்ணு மங்கலா கீதும்மா" என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் நூற்றெழுபது. வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்தாம்.

"தலைவலி எப்போலேர்ந்து?" என்றார் டாக்டரம்மா.

"இன்னிக்குத்தாம்மா," என்றேன்.

தலைவலி என்று செல்வி செவ்வாய்க்கிழமையே சொன்னாள். மிளகாய் சுற்றிப் போட்டு, "நாள் குறிச்சாச்சு, வளைகாப்பு முடியட்டும்" என்று வாயை அடைத்தவள் நான். செல்வி என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை.

அவளுக்குத் துணையாகச் சம்பந்தியை விட்டுவிட்டு, கல்மண்டபத்தில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அம்மனிடம் உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.