ஜிம்மியின் நகமும் மடு மண்ணும்

யூன் 11, செவ்வாய்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. முற்றமெல்லாம் மணல். காயப்போட்ட துணியை மறுபடி அலச வேண்டும்.

காலையில் எங்கள் நாய்க்குட்டி ஜிம்மி மீன் வலைக்குள் பாய்ந்து நகத்தை மாட்டிக்கொண்டது. நான் கத்தியோடு ஓடுவதற்குள் தானே இழுத்துப் பிய்த்துவிட்டது. முன்காலில் பாதி நகம் தொங்குகிறது. இந்தச் சின்னக் குட்டிக்குள் இவ்வளவு இரத்தமா!

மாமி அலுமாரியைத் திறந்து, மடு மாதா கோயிலிலிருந்து எடுத்துவந்து பாம்புக்கடிக்கென்று வைத்திருக்கும் மடு மண்ணைக் கொண்டுவந்து அப்பினார். என் கணவர் அன்ரனின் தாய் அல்லவா, சொன்னால் சொன்னதுதான். நானும் பிடித்துக் கொடுத்தேன். இரத்தம் நின்றது. "பாத்தியே பிள்ளை?" என்று ஒரு பெருமை.

அன்ரன் முசலிப் பக்கம் மீனவர் வாடியில் தங்கிக் கடல் தொழில். சனிக்கிழமை வள்ளத்தில் வருவதாகச் சொல்லிப் போனவர்.

யூன் 12, புதன்

தேங்காய், மண்ணெண்ணெய், சவர்க்காரம். ஒன்றும் வாங்கவில்லை.

ஜிம்மி கால் ஊன்றவில்லை. விரல் வீங்கிச் சீழ் மணம். மீன் கொண்டுபோகும் ஓலை உமலில் போட்டுக்கொண்டு மன்னாருக்கு பஸ். கொண்டக்டர்: "என்ன அக்கா, மீன் குலைக்குது?" பகிடி விடுகிற நேரம்!

மிருக வைத்தியர் கேட்டார்: "என்ன போட்டனீங்கள்?"

"மடு மண்."

"ஏன், பாம்போ கடிச்சது?"

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொங்கிய நகத்தை வெட்டி, ஊசி போட்டு, கட்டுப் போட்டார். கொதித்தாறிய உப்புத் தண்ணீரில் காலையும் மாலையும் கழுவ வேண்டும். மண் துளியும் இருக்கக்கூடாது. நக்க விடக்கூடாது. "வீக்கம் மேல ஏறினால் விரலை எடுக்க வேண்டி வரும்." அதன்பிறகு வேறொன்றும் காதில் விழவில்லை.

மாலையில் கழுவினேன். மாமி வாசலில் நின்று, "மாதாவின்ர மண்ணைக் கழுவி எங்க ஊத்தப்போறாய்?" கால் மிதிபடாத இடம் வேண்டுமாம். இந்த வளவில் கோழி மிதிக்காத இடம் எது? கேட்டும்விட்டேன். என் வாய்! மாமி சாப்பிடாமல் படுத்துவிட்டார். மண் தண்ணீர் பேசினோடு குசினி மூலையில்.

யூன் 13, வியாழன்

அந்தோனியார் திருநாள். பூசைக்கு மாமி மட்டும்.

நக்காமலிருக்கக் கட்டுக்கு மேல் அன்ரனின் கலியாணச் சொக்ஸில் ஒன்று. ஜிம்மி கடித்துக் கழற்றும், நான் மாட்டுவேன். மறுபடியும் அதேதான். இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தையே கூட்டினேன். கடல் முழுக்க நுரை.

பூசையால் வந்த மாமி கதிரையில் இருந்தபடியே அழுதார். "அவன் கடலில நிக்கேக்க நீ மாதாவின்ர மண்ணைக் கழுவுறாய்."

இதுவா விஷயம்! "அப்ப கடலிலயே ஊத்துவம், மாமி."

மாமிதான் பேசினைத் தூக்கினார். அலைக்குள் முழங்கால்வரை இறங்கி மெல்லச் சாய்த்தார். வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

யூன் 14, வெள்ளி

வீக்கம் கொஞ்சம் வற்றினதுபோல். அல்லது என் ஆசையோ? கழுவும்போது மாமி மடியில் வைத்துப் பிடித்தார். "ஆடாதை ராசா." நேற்றுவரை அது நாய்.

யூன் 15, சனி

ஜிம்மி மூன்று காலில் நொண்டுகிறது. புண் காய்கிறது. மணம் இல்லை.

அன்ரன் வரவில்லை. காற்றுக்கு வள்ளம் எடுத்திருக்க மாட்டார்கள் என்று மாமிக்குச் சொன்னேன். அதையே மாமி எனக்குச் சொன்னார். படலைக்கும் குசினிக்குமாக நடந்து கால் உளைகிறது.

யூன் 16, ஞாயிறு

விடியவே காற்று விழுந்துவிட்டது. உப்புத் தண்ணீரை ஆற வைத்துவிட்டுத் திரும்பினால் ஜிம்மியைக் காணவில்லை. நாலு காலையும் ஊன்றிப் படலைக்கு ஓடுகிறது, ஒரே குரைப்பு.

"புண்ணில மண் படப்போகுது, பிடி பிள்ளை!" மாமிதான் கத்துகிறார்.

ஓடினேன். படலைக்கு வெளியே உமலும் கையுமாக ஒரு கறுத்த ஆள்.

"டேய், என்ர சொக்ஸைப் போட்டுக்கொண்டு எனக்கே குலைக்கிறியோ?"