ஏழு நாள் தண்ணீர் படக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

ரொட்டிக்கடை வேன் திரும்பி வந்து நிற்கிறது. போன சனிக்கிழமைதான் வினைல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். பின்கதவில் எழுத்துகளெல்லாம் ஓரம் கிளம்பி நாக்கைத் தொங்கப் போட்டிருக்கின்றன.

"தண்ணி பட்டுதா?" என்று ரொட்டிக்கடைக்காரனைக் கேட்டேன்.

"லேசா."

"லேசான்னா?"

"மெஷின்ல விட்டேன். பிரஷ் சுத்துமே, அதுல."

மூன்றாம் நாளே! வண்டியை எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரு தாள் கொடுக்கிறோம். ஏழு நாள் கழுவாதீர்கள். அப்புறமும் கையால்தான், பஞ்சும் லேசான சோப்பும் போதும். பிரஷர் பைப்பை ஓரத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பறவை எச்சமோ பெட்ரோலோ பட்டால் உடனே துடையுங்கள். சின்னக் குமிழிகளைக் குத்தாதீர்கள், தானாகப் போய்விடும். இதைப் படிக்கத் துப்பில்லாதவனுக்கு வேன் எதற்கு?

சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். இரண்டு பொத்தான் தெறித்தது. அக்கா நடுவில் வராவிட்டால் பல்லும் தெறித்திருக்கும்.

டிசைனும் அச்சும் அக்கா வேலை, ஒட்டுவது என் வேலை. கடை இருவருக்கும் பொது. கோபம் மட்டும் எனக்குத் தனி. அவன் போனபிறகு அக்கா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவை இந்தக் கடையில எதையாவது உடைச்சாலோ, யார் மேலயாவது கை வச்சாலோ, நீ வெளிய போயிடணும். சும்மா சொல்லலடா."

மார்ச் 6, வியாழன்

பூட்டுக்காரர் வேன். முப்பது வருஷம் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனவர், இப்போதுதான் சொந்தமாக வண்டி வாங்கியிருக்கிறார். இரண்டு கதவிலும் பெரிய சாவி, கீழே போன் நம்பர். "தம்பி, நம்பர் தூரத்துல இருந்து தெரியுமா?" மூன்று தடவை கேட்டுவிட்டார். எரிச்சல் வரவில்லை, ஆச்சரியம்.

இந்த மாடல் கதவில் ஆழமான பள்ளம் ஒன்று ஓடுகிறது. பள்ளத்தில் இழுத்து ஒட்டிய வினைல் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். கடைசியாக, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் நல்ல சூடு காட்டினால்தான் அடங்கும். வலது பக்கம் முடித்தாயிற்று. இடது பக்கம் ஒட்டி முடிக்கும் நேரத்தில் போன். ரொட்டிக்கடைக்காரன். "உன் வேலையே மட்டம்னு ஊர் பூரா சொல்லுவேன்டா."

கையில் இருந்த ஹீட் கன்னைச் சுவரில் ஓங்கி அடித்தேன். இரண்டாகப் போனது. இன்னொரு முறை அடித்தேன். உள்ளங்கை கிழிந்தது. உண்மையைச் சொன்னால், நெஞ்சு குளிர்ந்தது.

அக்கா வங்கிக்குப் போயிருந்தாள். உடைந்ததைக் கழிவுக் காகிதத்துக்கு அடியில் மறைத்துவிட்டேன். இடது கதவுக்குக் கடைசிச் சூடு பாக்கி. நாளை புது கன் வாங்கிச் சூடு காட்டிவிடலாம்.

மார்ச் 7, வெள்ளி

வேன் இல்லை. நேற்று நான் கைக்குக் கட்டுப்போடப் போன நேரத்தில் பூட்டுக்காரர் வந்திருக்கிறார். வேலை முடிந்தது என்று நினைத்து, தாளையும் கொடுத்து, அக்கா அனுப்பிவிட்டாள். புது ஹீட் கன் வாங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று யாரையும் அடிக்கவில்லை. காலண்டரில் குறித்து வைக்கச் சொல்கிறாள் அக்கா.

மார்ச் 15, சனி

எழுதியே ஆகவேண்டும்.

காலை பத்து மணிக்குப் பூட்டுக்காரர் வந்தார். இடது கதவில் சாவிப் படம் பள்ளத்தோடு உரிந்து தொங்குகிறது.

"தம்பி, ஒரு பக்கம் மட்டும் கிளம்பிடுச்சு."

"எப்பக் கழுவினீங்க?"

"கழுவவே இல்ல தம்பி."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா இல்ல. நீங்க ஒட்டுனதுலயே ஏதாவது விட்டுப்போச்சோ என்னவோ..."

அவ்வளவுதான். முதல் குத்து வாயில். இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவர் வேனோடு சாய்ந்தார். முன்கதவு திறந்திருந்தது, விழாமல் இருக்க கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கதவை எட்டி உதைத்துச் சாத்தினேன்.

அந்தச் சத்தம்.

அவர் கை அங்கே இருந்தது எனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதுவதா? தெரியும். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உதைத்தேன்.

வெள்ளைக் கதவில், சாவிப் படத்தின் மேல், ரத்தம் வழிந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது? உடனே துடைக்கணுமே, வினைல் கறை பிடிக்குமே என்று. ச்சீ. நானெல்லாம் என்ன பிறவி?

மார்ச் 16, ஞாயிறு

பூட்டுக்காரருக்கு வலது கையில் மூன்று விரல் எலும்பு நொறுங்கியிருக்கிறது. கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அக்காவிடம் சொன்னாளாம்: "பூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு விரல் நுனியிலதான் அவருக்குத் தெரியும். இனிமே என்னத்தைத் திறப்பார்?" அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் அவர் மச்சான் இரும்புக் கம்பியோடு வந்தான். கடையின் முன்கண்ணாடி முழுக்கத் தூள். என் தோளில் இரண்டு போட்டான். வாங்கிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றேனா? திருப்பி அடித்து அவன் மூக்கை உடைத்தேன். கை தானாகப் போகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

மார்ச் 17, திங்கள்

வேன் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. பஞ்சும் சோப்புத் தண்ணீரும் எடுத்து ரத்தத்தைத் துடைத்தேன். காய்ந்துபோயிருந்தது, ஊறவைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. உள்பக்கம் துடைக்கும்போது டாஷ்போர்டில் எங்கள் தாள் கண்ணில் பட்டது.

பின்பக்கம் பேனாவால் ஏழு கட்டம் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு டிக். மூன்றாம் நாளில்: மழை, ஷெட்டில் நிறுத்தினேன். ஆறாம் நாளில்: புறா எச்சம், ஈரத்துணியால் துடைத்தேன், தப்பா? தம்பியைக் கேட்கணும்.

தம்பியைக் கேட்கணுமாம்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். மார்ச் 6. 'இடது கதவுக்குக் கடைசிச் சூடு பாக்கி.' என் கையெழுத்து. ஒரு எழுத்து கூடக் கோணவில்லை. மறந்தே போனேனா? இல்லை, மறக்க வசதியாக இருந்ததா? சொன்னால் உடைந்த கன்னைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும்.

கழிப்பறைச் சுவரில் நெற்றியை மோதினேன், தோல் கிழியும்வரை. அதனாலும் யாருக்கு என்ன பயன்.

மார்ச் 18, செவ்வாய்

நாளை ஸ்டேஷனில் வாக்குமூலம். அக்கா வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "பூட்டுக்காரர் கழுவிட்டு வந்து தகராறு பண்ணார், அவர்தான் முதல்ல கை நீட்டினார்னு சொல்லச் சொல்றார். நீ உள்ள போகாம இருக்கணும்னா அதுதான் வழியாம்."

தாளையும் இந்த நோட்டையும் அவள் முன்னால் வைத்தேன்.

படித்தாள். மறுபடி படித்தாள். எழுந்து வந்து அறைந்தாள். நாற்பது வயதில் அக்காவிடம் வாங்கிய முதல் அறை. நிறுத்தவில்லை. கை வலிக்கும்வரை அடித்தாள். "நான்தானேடா வண்டியை எடுத்துட்டுப் போங்கன்னு அவர்கிட்ட சொன்னேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கன்னை உடைச்சதைச் சொல்லணுமேன்னு..."

"அதுக்கு அவர் கையை உடைச்சியா?"

இந்த முறை என் கை தானாகப் போகவில்லை.

மார்ச் 19, புதன்

வாக்குமூலத்தில் கதவு, கை, நான் பார்த்தது எல்லாம் சொன்னேன். தாளையும் நோட்டின் நகலையும் கொடுத்தேன். ஏட்டு படித்துவிட்டு நிமிர்ந்தார். "உனக்கு எதிரா நீயே எழுதி வச்சிருக்கியேப்பா." வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

ஜாமீனில் இருக்கிறேன். வழக்கு ஜூனில். கடைச் சாவி அக்காவிடம். வேறு ஆள் ஒட்டுகிறார், நன்றாக ஒட்டுகிறாராம்.

பூட்டுக்காரர் வீட்டுக்குக் கேட்டு அனுப்பியிருந்தேன், இடது கதவை நானே மறுபடி செய்து தருகிறேன் என்று. இன்று வரச் சொன்னார்கள். தெருவில் வேன். நாற்காலியில் அவர், கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் மனைவி நின்றுகொண்டே இருந்தாள், உட்காரவே இல்லை.

பழையதை உரித்தேன். துடைத்தேன். ஒட்டினேன். பள்ளத்தில் கடைசிச் சூட்டை இரண்டு தடவை காட்டினேன். மேல் ஓரத்தை அழுத்திப் பார்க்கக் கையை உயர்த்தியபோது, அவர் சட்டென்று கட்டுப்போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் மனைவி நடுவில் வந்துவிட்டாள். நான் கையை இறக்கி, இரண்டு எட்டு பின்னால் போய் நின்றேன்.

முடித்ததும் வழக்கம்போல் வாய் ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, ஏழு நாளைக்குத் தண்ணி..."

"தெரியும்."

தாளை நீட்டினேன். மனைவிதான் வாங்கிக்கொண்டாள். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவர் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த ஆறாம் நாள் எச்சத்தை ஈரத்துணியால துடைச்சேனே. அது தப்பா?"

"இல்லண்ணே. அப்படித்தான் துடைக்கணும்."

"அப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணலல்ல?"

"இல்லண்ணே."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான்தான் சொன்னேன்ல," என்றார்.