காடைகளும் இருந்த விரதம்

ஆரையம்பதி,
ஆனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தனுஷியாவுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நடமாடித் திரிகிறோம், எனக்குத் தொப்பை ஒரு விரல் கூடியிருக்கிறது, இந்த வருசம் வீட்டில் வளர்ந்தது அது ஒன்றுதான். ஜோர்தானில் உன் மணிக்கட்டு நோவு தணிந்து நீ சுகமாயிருக்கக் கண்ணகை அம்மனைக் கும்பிடுகிறோம். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று முழிப்பாய். போனில் என்றால் பகிடி விட்டே மழுப்பிவிடுவேன், நாலாம் வகுப்பில் விட்ட எழுத்தில் மழுப்ப வராது. காத்தான்குடி றுக்ஷானா லீவு முடிந்து உன் தொழிற்சாலைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

காடை விசயம் மகள். நாம் எடுத்த இருநூறும் ஏழாம் கிழமையே முட்டை போடத் தொடங்கியதும், ஆவணியில் ஒப்பந்தம் முடிய நீ வந்துவிடலாம், இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று பெரிய வாய் விட்டவன் நான்தான். வைகாசி பிறந்ததும் நீ நல்லபடி வந்து சேர வேண்டும் என்று அம்மா கண்ணகை அம்மன் சடங்குக்கு நேர்த்தி வைத்தாள். சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி முடியும் வரை வளவுக்குள் மச்ச வாசம் கூடாது என்று கட்டளை. கருவாட்டுச் சட்டி போனது, என் தூண்டில் போனது, காடைக்கு இடித்துப் போட அள்ளி வைத்திருந்த மட்டிச் சிப்பி மூட்டையையும் தோளில் தூக்கிக்கொண்டு போய் வாவியிலேயே கொட்டினேன். நான் விரதம் இருந்தது போதாதென்று காடைகளையும் இருக்க வைத்தேன். தீனிதான் போடுகிறோமே, சிப்பி சும்மா கொறிப்புத்தானே என்று நினைத்தேன். நான் போட்டது குஞ்சுத் தீனி, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் காணாது என்று எனக்குத் தெரியாது.

முதலில் ஓடு மெலிந்தது, மறுகா ஓடே இல்லாமல் வெறும் தோலோடு விழுந்தது, அம்மாவின் கன்னம் மாதிரி மெத்தென்றிருக்கிறது என்று நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கால் மடங்கி விழுந்தன. மிருக வைத்தியர் சர்மிளாவைக் கூட்டி வந்தேன், அம்மா அந்நேரம் கோயிலில். அவர் ஒன்றைத் தூக்கித் தடவினார், நெஞ்செலும்பு விரலுக்கு வளைந்தது. “சுண்ணாம்பு கிடைக்காட்டியும் இதுகள் முட்டைய உடன நிப்பாட்டாது ஐயா. தன்ர எலும்பக் கரைச்சு ஓடு கட்டும். கட்டி முடிச்சிட்டுதுகள்” என்றார். அன்றைக்கே வாவியில் சிப்பி அள்ளி வந்து இடித்துப் போட்டேன், விழுந்தது எழும்பவில்லை. இப்போது நிற்பது பதினேழு, அவையும் முட்டையை மறந்துவிட்டன. புதிதாகத் தொடங்க இங்கே ஒரு வழியும் இல்லை.

அம்மாவுக்கு ஏதோ கொள்ளை நோய் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன்னை வரவழைக்க வைத்த நேர்த்தியிலே இது நடந்தது என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மன் மேல் பிழையில்லை, அவள் மேலும் இல்லை, மூட்டையைத் தூக்கிய தோள் என்னுடையது. அதனால் மகள், அந்தக் கையெழுத்தைப் போடு. இந்த ஒரு வரி எழுத எனக்கு அரை நாள் எடுத்தது.

பால் குடி, எலும்பு காடைக்கு மட்டுமில்லை. தையல் மெசினில் குந்துமுன் மணிக்கட்டுக்குத் துணி சுற்று. அம்மன் உன்னோடு நிற்கட்டும், நூறு வயசுக்கு இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் எடுத்தால் காடைப் பேச்சை எடுக்காதே. அந்த இடம் உனக்குப் பிடித்துவிட்டது, நீயாகத்தான் நிற்கிறாய் என்று சொல்லு. அழுவாள், உன்னை ஏசுவாள். ஏசட்டும், பொறுத்துக்கொள்.

உன் அப்பா,
வினாயகமூர்த்தி